பாதுகாப்பான வேலை எது?

என்ஜினீயரிங் முடித்துப் பெரிய ஐ.டி. கம்பெனியில் சேர வேண்டும், மற்றதெல்லாம் சூதாட்டம். தோல் தொழில் ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் இது வேதவாக்கு. மாதச் சம்பளம், பயிற்சி, கல்விக்கடனை அடைக்க ஒரு வழி ஆகியவை அங்கே கிடைப்பது உண்மைதான். வாதத்தின் மிச்சம் நிற்காது.

ஒன்று. பெரியது என்றால் பாதுகாப்பா? 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது.

இரண்டு. பட்டம் இல்லாவிட்டால் மென்பொருள் வேலை இல்லையா? ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2004 முதல் பிளஸ் டூ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. 2011இல் தென்காசி பக்கம் அலுவலகமும் திறந்தது. விதிவிலக்கு என்பார்கள். இருபது ஆண்டாக நடப்பது எப்படி விதிவிலக்காகும்?

மூன்றாவதுதான் முக்கியம். இந்த ஊர்களே போட்ட பாதையில் போய் வளர்ந்தவை அல்ல. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் ஷூவுக்கும் மாறிய ஊர்கள் இவை. ஷூ கம்பெனியின் கட்டிங் மேசையைப் பாருங்கள். ஒரு தோல் போல இன்னொன்று இருக்காது. கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் விரலால் தடவிப் பார்த்து, தொழிலாளி வெட்டும் அச்சைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். கழியும் ஒவ்வொரு துண்டும் காசு. தோல் வீணாகாமல் அச்சுகளை அடுக்கும் இந்தக் கணக்கைப் போட மென்பொருள் உண்டு. அதை எழுத, தோல் வாசத்திலேயே வளர்ந்த பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்? அந்தப் பிள்ளையைத்தான் சென்னை சோழிங்கநல்லூரின் ஐ.டி. கம்பெனிகளுக்கு பஸ் ஏற்றுகிறார்கள்.

மகளோ மகனோ அந்த மேசையருகே ஒரு வருடம் உட்கார்ந்து நிரல் எழுத அனுமதி கேட்டால், பெற்றோர்களே, தடுக்காதீர்கள்.