பெயரை மாற்றச் சொல்லாதீர்கள், துணையைப் பிரிக்காதீர்கள்: வெளிநாட்டுத் துணைவர்களின் விசா, பெயர்ப் பத்திரங்கள் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை

கற்பிட்டிக் குடாநாட்டில் கடலோரமாக இருக்கும் மாம்புரிக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் அல்லர். பக்கத்து நுரைச்சோலையில் சீன நிறுவனம் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கைட் சேர்ஃபிங் விளையாட ஐரோப்பியர் கற்பிட்டிக்கு வந்து தங்குகிறார்கள். இந்தக் கரையிலிருந்தும் ஆணும் பெண்ணுமாக வளைகுடாவுக்குப் போகிறார்கள். தெற்கே வென்னப்புவைப் பக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் ஏராளம். வரவும் போக்கும் இப்படி இருக்கும் கரையில் நாடு கடந்த கல்யாணங்களும் நடக்கத்தான் செய்யும்.

கல்யாணம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் பத்திர வேலைதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. இது குறித்து மாம்புரியிலும் சுற்று ஊர்களிலும் இயங்கும் மகளிர் அமைப்பு எடுத்திருக்கும் நிலைப்பாடு இதுதான்: கல்யாணத்தைக் காரணம் காட்டி எவரையும் பெயர் மாற்ற வைக்கக் கூடாது, எழுத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி எவருடைய விசாவையும் நிறுத்தி வைக்கக் கூடாது.

முதலில் பெயர். மணமான பெண் கணவன் பெயரை எடுத்தே ஆகவேண்டும் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் "பாஸ்போட்டில் புருஷன் பெயர் இருந்தால்தான் விசா லேசாகக் கிடைக்கும்" என்று யாரோ சொல்ல, கல்யாணம் முடிந்த கையோடு கடவுச்சீட்டை மாற்றப் போகிறவர்கள் அதிகம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு பெண்ணின் பெயர் முகம்மது காசிம் பாத்திமா ரிஸ்னா என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் தமிழில் பதிந்த பெயர் அது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது முகம்மதுவுக்கு 'ஓ' போடுவதா 'யூ' போடுவதா, 'எம்' ஒன்றா இரண்டா, காசிம் 'கே'யில் தொடங்குவதா 'கியூ'வில் தொடங்குவதா என்பதை அந்தந்த மேசையில் இருப்பவர் தீர்மானிக்கிறார். பாடசாலைச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் பழைய பத்திரமே இல்லாதவர்களும் உண்டு. இத்தனைக்கும் மேல் கணவன் பெயரும் சேர்ந்தால், ஒரே பெண் காகிதத்தில் நான்கு பெண்களாகிவிடுகிறாள்.

தமிழ்ப் பெயர்களிலும் இதே பாடுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். கடவுச்சீட்டோ குடும்பப் பெயருக்கென்று தனிக் கட்டம் வைத்திருக்கிறது. அதில் கணவனுக்கு அவனுடைய தகப்பன் பெயர் ஏறும், மனைவிக்குக் கணவனின் பெயர் ஏறும், பிள்ளைக்கும் அதே கணவனின் பெயர் ஏறும். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்று வெளிநாட்டுத் தூதரகத்தில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தவறல்ல. அதற்குப் பதிலாகக் காட்ட ஓர் அரசாங்கக் கடிதம்கூட இல்லாததுதான் தவறு.

பெயர் மாற்றினால் வேலை சுலபமாகும் என்பதும் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. இத்தாலியில் மணமான பெண்கள் பத்திரங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறார்கள். அங்கே எல்லா வேலைக்கும் கேட்கும் 16 எழுத்து-இலக்க வரிக் குறியீடு, பெயரையும் பிறந்த தேதியையும் பிறந்த இடத்தையும் வைத்தே உருவாகிறது. நடுவில் கடவுச்சீட்டுப் பெயரை மாற்றினால் பழைய குறியீடும் புதிய பெயரும் ஒத்துவராது. சம்பளம், மருத்துவ அட்டை, வீட்டு ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபடி திருத்த வேண்டிவரும்.

விசா விஷயத்தில் இந்த நாடு ஓரளவு தூரம் வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இலங்கை ஆண் மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஒரு நடைமுறையும், இலங்கைப் பெண் மணந்த வெளிநாட்டு ஆணுக்கு வேறொரு நடைமுறையும் இருந்த காலம் உண்டு. 1999இல் உயர் நீதிமன்றத்துக்குப் போன அடிப்படை உரிமை வழக்கு ஒன்றை அடுத்தே, வதிவிட விசா வழிகாட்டல்கள் இருபாலாருக்கும் சமமாக்கப்பட்டன. 2003இன் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரும் வரைக்கும், வெளிநாட்டவரை மணந்த இலங்கைத் தாய் தன் பிள்ளைக்குத் தன் வழியாகக் குடியுரிமை கொடுக்க முடியாதிருந்தது. 1948இல் எழுதிய சட்டத்தில் அந்த ஒரு வரியை மாற்ற 55 வருடங்கள் ஆயின. தானாக எதுவும் மாறவில்லை, கேட்டவர்களால்தான் மாறியது.

பின்னுக்குப் போன நாட்களும் உண்டு. வெளிநாட்டவரை மணப்பவர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி அறிக்கையோடுதான் பதிவுக்கு வரவேண்டும், அது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று 2021 ஒக்டோபரில் பதிவாளர் நாயகம் சுற்றறிக்கை விட்டார். ஏமாற்றுக் கல்யாணங்கள் நடக்கின்றன என்பது உண்மை. ஊர்ப் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை இந்த அமைப்புக்கும் நிறையவே உண்டு. ஆனால் மாப்பிள்ளையின் பின்னணியை அறிய அவருடைய சொந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழ் போதும். ஏற்கெனவே மணமானவரா என்பதற்குத் திருமண நிலைச் சான்றிதழ் இருக்கிறது. யார் யாரை மணப்பது என்று பாதுகாப்பு அமைச்சு முடிவு செய்வதை இந்த அமைப்பு எந்த வடிவிலும் ஏற்காது.

தூரமும் ஒரு தடைதான். வதிவிட விசாவுக்கு மாம்புரியிலிருந்து பத்தரமுல்லை சுஹுருபாய வரைக்கும் போகவேண்டும்; ஏறத்தாழ 150 கிலோமீற்றர். விடியுமுன் பாலாவிக்குப் போய் பஸ் பிடித்து, அங்கே நம்பர் எடுத்து உட்கார்ந்த பிறகு "விவாகச் சான்றிதழில் எழுத்து ஒன்று பிசகியிருக்கிறது" என்று சொன்னால், திரும்பி வந்து சத்தியக் கடதாசி முடித்து இன்னொரு நாள் போகவேண்டும். கடற்தொழில் செய்யும் குடும்பத்துக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் வருமானம். பல படிவங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கையில் கிடைக்கின்றன. வடமேல் மாகாணத்தின் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அது யாரும் காட்டும் சலுகை அல்ல.

ஆகவே இந்த அமைப்பு கேட்பவை சில. வேறு வேறு எழுத்தில் இருக்கும் பெயர்கள் ஒரே ஆளுடையவை என்று பிரதேச செயலாளர் மூன்று மொழியிலும் ஒரு சான்றிதழ் தரவேண்டும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் அதை மறுகேள்வி இல்லாமல் ஏற்க வேண்டும். அன்றைக்கு எந்தச் சுற்றறிக்கை நடப்பில் இருக்கிறதோ அது கற்பிட்டிப் பிரதேச செயலகச் சுவரில் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும். நடமாடும் சேவை வரும்போது விசாப் பத்திரங்களை முன்கூட்டியே சரிபார்க்கும் ஓர் அதிகாரியும் வரவேண்டும். இவற்றோடு, இலங்கைத் துணைவர் இறந்துவிட்டாலோ அடித்து விரட்டினாலோ, மணந்து வந்த வெளிநாட்டுப் பெண்ணோ ஆணோ பிள்ளைகளோடு இந்த நாட்டில் தொடர்ந்து இருக்க வழி வேண்டும். இலங்கைத் துணைவரின் கோரிக்கைக் கடிதத்தில் தொங்கும் விசா, வீட்டுக்குள் அடிவாங்குபவரின் வாயை அடைத்துவிடுகிறது. இந்தக் கோரிக்கையில் அமைப்பு ஓர் அடியும் பின்வாங்காது.

சட்டம் மாறும் வரைக்கும் கல்யாணம் பேசும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. விவாகப் பதிவாளர் முன் கையெழுத்து வைக்குமுன், பதிவில் எழுதிய பெயரைக் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விசா கிடைக்கும் வரைக்கும் எந்தப் பெயரையும் மாற்ற வேண்டாம். வெளிநாட்டில் காட்டவேண்டிய இலங்கைச் சான்றிதழ்களுக்கு இலங்கை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் உறுதிப்பாடு தேவை. அதற்குக் கொழும்புக்கே போகவேண்டியதில்லை, குருநாகலிலும் கிளை இருக்கிறது. காலாவதியான பழைய கடவுச்சீட்டை வீசிவிடாதீர்கள். பழைய பெயரும் பழைய விசாவும் அதில்தான் இருக்கின்றன, அவற்றை ஒரு நாள் கட்டாயம் கேட்பார்கள்.