ஆவாரம்பட்டையும் அறிவுச் சொத்தும்

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்று கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். ஆனால் 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அதற்குக் காப்புரிமையே பெற்றுவிட்டது! நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளையும் ஆய்வுக் கட்டுரையையும் எடுத்துக்காட்டிய பின்னரே 1997-இல் அது நீக்கப்பட்டது. அந்த வெற்றியை நாமெல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே செல்லுபடியானது பாட்டியின் சொல் அன்று, அச்சேறிய தாள்.

இதை ஏன் நம் கல்லூரி மலரில் எழுத வேண்டும்? பேகம்பூரில் வளர்ந்தவர்களுக்குத் தோல் ஷாப்பின் வாடை புதிதன்று. தோலை ஊற வைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள் கணக்கில் போட்டு, கடுக்காய் நீரில் முடித்து எடுப்பது நம் ஊர் முறை. 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் இது சீமைக்குப் போயிற்று. பட்டைச் சாறு உள்ளே இறங்கிவிட்டதா என்பதைத் தொழிலாளி ஓரத்தை அறுத்து நிறம் பார்த்துச் சொல்வார். அந்தக் கண் எந்தப் பாடப்புத்தகத்தாலும் வந்ததன்று. குரோம் முறை வந்தபின் நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று. அந்தக் கண்ணுக்கும் வேலை குறைந்தது. (பழைய முறை பரிசுத்தமானது என்று நான் வாதாட வரவில்லை. உப்பு நீர் நம் கிணறுகளுக்குச் செய்த தீங்கு ஊரறிந்தது.)

2007-08-இல் இந்த ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டும் அதைப் பெற்றது. மகிழ்ச்சிதான். ஆயினும் 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'உற்பத்தியாளர்' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில், பொருளைச் செய்பவரோடு அதில் வாணிபம் செய்பவரும் அடங்குகிறார்! குழியில் இறங்கிய கூலிக்காரரோ தனியாக எங்கும் குறிப்பிடப்படவில்லை. சட்டம் காப்பது பெயரை; அறிவை அன்று. வாங்குவாரும் விற்பாரும் இல்லையேல் தொழில் ஏது என்று வணிகவியல் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமே. வணிகருக்கு இடம் தந்ததைக் குறை கூறவில்லை. மற்றவரை மறந்ததைத்தான் சொல்கிறேன்.

வேறு வழியே இல்லையா? உண்டு. அகத்தியமலையின் காணி மக்கள் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பயனை ஆய்வாளர்களுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. இவற்றில் சரிபாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதற்காக 1997-இல் அறக்கட்டளையும் அமைந்தது. பணம் வந்து சேர்வதில் தாமதமும் பூசலும் இருந்தன என்பது உண்மை. என்றாலும் அறிவு யாருடையது என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டது.

தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். 2012-இல் சாகித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. அவர்தம் தொழிலறிவையும் அப்படி யாராவது எழுத வேண்டாமா? 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பதிவேடு வைக்க வேண்டும். நம் மாநகராட்சிப் பதிவேட்டில் ஆவாரம்பட்டைப் பதனிடும் முறையும், சம்மதிக்கும் தொழிலாளரின் பெயரும் ஏறவேண்டும் என்பது என் கருத்து. எழுதினால் பிறர் திருடுவார்களே என்று அஞ்சலாம். எழுதாவிட்டால் மஞ்சளுக்குக் கிடைத்த சாட்சி ஆவாரைக்குக் கிடைக்காது.

வேதியியல், தாவரவியல், தமிழ் மாணவர்கள் மூவர் சேர்ந்தால் ஒரு விடுமுறையில் தொடங்கிவிடலாம். பழைய குழிகளில் வேலை பார்த்த முதியவர்கள் பேகம்பூரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.