கைப்பக்குவமும் ரெக்கார்டு நோட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

பண்டிகை வருவதை நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வோர் உண்டு. அடுக்களை வாசனையால் தெரிந்துகொள்வோரும் உண்டு. நான் இரண்டாவது வகை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முந்திரி பிஸ்கட். ஏலக்காயும் கிராம்பும் சுக்கும் மணக்கும்; வாயிலிட்டதும் உதிர்ந்து கரையும். அதைச் சுட்டுத் தந்தவள் என் ஆச்சி. கையெழுத்துப் போடவும் அறியாதவள். அவளை முன்வைத்து, தோழர்களிடமும் பேராசிரியப் பெருமக்களிடமும் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவத்தை எழுதி வைப்பது, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நம் போன்றோரின் கடமை என்பதே அது.

இந்தப் பிஸ்கட் நெல்லைச் சீமையில் பிறந்ததன்று. இதன் தாயகம் ஸ்காட்லாந்து, பெயர் ‘ஷார்ட்பிரெட்’. அங்கே கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் உரிய பலகாரம். ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு என்பது அதன் பழைய கணக்கு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். அங்கே பிழைக்கப் போன நம் பக்கத்து மக்களோடு போனவள் ஆச்சியின் தாய். துரை பங்களா அடுக்களையில் எடுபிடி வேலை செய்தபோது, கண்ணால் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டாள். பாதாமுக்குப் பதில் உடைத்த முந்திரியைப் போட்டாள். மலையில் விளைந்த ஏலக்காயைப் பொடித்துச் சேர்த்தாள். ஊர் திரும்பியபின் பங்களா அடுப்புக்கு எங்கே போவது? பெரிய சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டாள். அந்தப் பக்குவம் ஆச்சியின் கைக்கு வந்தது. அவள் கைக்குப் பின்?

2024 ஆகஸ்டில் ஆச்சி காலமானாள். அந்த டிசம்பரில், ‘அத்தை இல்லாத முதல் பண்டிகை, பிஸ்கட்டும் இல்லாமல் போகக் கூடாது’ என்று அம்மா துணிந்தாள். அம்மா பீடி சுற்றுபவள். அரைக் கிலோ வெண்ணெய் வாங்க எத்தனை பீடி சுற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆச்சி அடிக்கடி சொன்ன ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ மட்டும் அம்மாவின் நினைவில் இருந்தது. ஒரு டம்ளர் சர்க்கரை, இரண்டு டம்ளர் வெண்ணெய், மூன்று டம்ளர் மைதா என்று அளந்து போட்டாள். பிஸ்கட்டுகள் சட்டிக்குள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே ஏடாகிவிட்டன. மறுநாள் மாவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தாள். வந்தது பிஸ்கட் அன்று, கருங்கல். அம்மா சட்டியை ஓரமாக வைத்துவிட்டு, “அத்தை கையோட போச்சுய்யா அந்தப் பக்குவம்” என்றாள்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. முதலாண்டில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம் நினைவுக்கு வந்தது: நிறை வேறு, பருமன் வேறு. ஒரு டம்ளர் வெண்ணெய், ஒரு டம்ளர் மைதாவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை இருக்கும். அப்படியானால் ஆச்சி எதைக்கொண்டு அளந்தாள்? வீட்டில் தராசு கிடையாதே! அப்போதுதான் பொறி தட்டியது. சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு டிசம்பரிலும் மளிகைக் கடைக்கு ஓடியவன் நான்தான். “கால் கிலோ சர்க்கரை, அரைக் கிலோ வெண்ணெய், முக்கால் கிலோ மைதா” என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போவேன். கால், அரை, முக்கால்! அதுவே ஒன்று, இரண்டு, மூன்று. கடைக்காரர் தராசுதான் ஆச்சியின் தராசு. வாங்கி வந்ததை அப்படியே கொட்டிக் கலந்ததால் அவள் வீட்டில் அளந்ததே இல்லை.

மற்றவையும் ஒவ்வொன்றாய் விளங்கின. “மாவைப் பிசையாதே, கூட்டு” என்பாள் ஆச்சி. மைதாவின் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப்படும்போது குளூட்டன் என்னும் வலை உண்டாகிறது. பரோட்டா மாவு இழுபடுவது அதனால்தான். வெண்ணெயின் கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்தினால் அந்த வலை நன்றாகப் பின்ன முடியாது, பண்டம் உதிரும். ‘ஷார்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘எளிதில் உதிர்வது’ என்ற பொருளும் உண்டு. விடியுமுன் அவள் மாவு கூட்டியதற்கும் காரணம் உண்டு. பால்கொழுப்பு ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சூடாக இருக்கும்போது பிஸ்கட்டைத் தொட்டால் கையில் ஓர் அடி விழும்; ஆறிய பிறகே அது இறுகும்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் விடியலில், 125 கிராம் பொடித்த சர்க்கரை, 250 கிராம் வெண்ணெய், 375 கிராம் மைதா, ஒரு கைப்பிடி முந்திரி, ஆறு ஏலக்காய், இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை சுக்குத்தூள் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் சேர்க்கவில்லை. இளந்தணலில், ஓரம் லேசாகச் சிவக்கும்வரை சுட்டோம். ஆறியதும் அம்மா ஒன்றை வாயிலிட்டாள். ஒன்றும் பேசவில்லை. இன்னொன்றை எடுத்து ஆச்சியின் படத்தின் முன்னால் வைத்தாள்.

“கைப்பக்குவத்தை எழுத்தில் அடக்க முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். முழுவதும் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு தணல் என்பதை எந்த நோட்டிலும் என்னால் எழுத முடியவில்லை. அதை அம்மாவின் உள்ளங்கைதான் அறியும். ஆனால் எழுத முடிந்த பாதியையும் எழுதாமல் விட்டதால்தான் இரண்டு சட்டி பாழாயிற்று. எங்களிடம் தொலைந்தது ஒரு பலகாரம். வேறு வீடுகளில் அது விதை காக்கும் முறையாக இருக்கலாம்; பாய் நெய்யும் கணக்காக, மாட்டுக்கு மருந்து அரைக்கும் அளவாக இருக்கலாம்.

ஆச்சிக்குத் தெரிந்திருந்தது, எழுத்து இல்லை. நாளை நம் பிள்ளைகளுக்கு எழுத்து இருக்கும், கேட்டறிய ஆச்சிகள் இருக்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நாம். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கியவன்தான் நானும்; ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பவை, அறிவது என்று நானே கண்டு எழுதிய முதல் பதிவு ஆச்சியின் பிஸ்கட்தான். இடையே ஐயம் வந்தபோதெல்லாம் அம்மாவைக் கேட்டேன். ஆச்சியைத்தான் கேட்க முடியவில்லை.

தோழர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரின் அருகில் அமருங்கள். “இதை எப்படிச் செய்கிறாய்? ஏன் அப்படிச் செய்கிறாய்?” என்று கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.