மடல் தமிழருடையது, பேழை எவருடையது?

ஓர் இனத்தின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் மட்டும் பொறிக்கப்படுவதன்று. அவ்வினத்தார் ஒருவர்க்கொருவர் வரைந்துகொள்ளும் மடல்களிலும் அது பொறிக்கப்படுகின்றது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் முன்பெல்லாம் வீட்டுச் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த மடல்களை அக்கம்பியிற் குத்தி வைப்பது வழக்கம். மகள் வீட்டுச் செய்தி, கடன் கணக்கு, நிலத்தைப் பற்றிய வழக்கு, சிங்கைக்கும் பினாங்குக்கும் பிழைக்கச் சென்றவன் எழுதிய நலவுரை ஆகிய எல்லாம் அதில் இருந்தன. வேண்டும்பொழுது எடுத்துப் படிக்க எவருடைய இசைவையும் கேட்க வேண்டியதில்லை. மடலும் வீட்டாருடையது, கம்பியும் வீட்டாருடையது.

இன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. நொடிப்பொழுதில் மடல் கடல் கடக்கின்றது. வரவேற்கத்தக்க வளர்ச்சியே! ஆனால், அம்மடல் எங்கே கிடக்கின்றது? எழுதியவர் வீட்டிலும் இல்லை. பெற்றவர் வீட்டிலும் இல்லை. எங்கோ ஒரு வணிக நிறுவனத்தின் வழங்கிக் கணினியிற் கிடக்கின்றது. அந்நிறுவனம் திறந்து காட்டினால் உண்டு, பூட்டிவிட்டால் இல்லை. மடல் தமிழருடையது, பேழையோ மாற்றாருடையது. இந்நிலையின் இடரைத் தமிழர் இன்னும் முழுமையாக உணர்ந்தாரில்லை.

இதற்குத் தொலைவிற் சென்று சான்று தேட வேண்டியதில்லை. மதுரைக்கு வடகிழக்கே உள்ள மேலூரே போதும். 2001 ஆம் ஆண்டின் இறுதியில் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் இணையக் கடைகள் திறக்கப்பட்டன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசாச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகமும் என்-லாக் நிறுவனமும் கைகோத்துத் தொடங்கிய அத்திட்டம் 'சாரி' என்னும் சுருக்கப் பெயரால் வழங்கியது. மதுரையின் தான் அறக்கட்டளையும் அதிற் பங்கேற்றது. கார்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பு நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட்டு அளவே செய்தி சுமந்தது. இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது நத்தை நடை. ஆயினும் அந்நடையே அன்று அருஞ்செயல் புரிந்தது. கண்ணிற் புரை விழுந்தவரின் படம் அக்கடையிலிருந்து மின்னஞ்சல் வழியே மதுரை அரவிந்து கண் மருத்துவமனைக்குச் சென்றது. மருத்துவர் பார்த்து மறுமொழி விடுத்தார். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களும் முதியோர் உதவித்தொகையும் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வேண்டுகை மடல்கள் சென்றன. பேருந்துச் செலவும் ஒரு நாட் கூலி இழப்பும் ஏழைக்கு மிச்சமாயின.

பின்னர் நிகழ்ந்தது என்ன? வருவாய் போதவில்லை, பழுது பார்ப்பார் இல்லை, அலுவலர் மாறினர், அரசின் ஊக்கமும் தளர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அக்கடைகளிற் பெரும்பாலானவை மூடப்பட்டன. திட்டம் தோற்றதற்கு இவ்வாறு பல காரணங்களை ஆய்ந்தோர் எழுதினர். ஆனால், எவரும் எடுத்துப் பேசாத ஒன்றுண்டு. வேண்டுகை விடுத்த உழவன் கையில் அவன் மடலின் படி இருக்க வேண்டும் என்பது அவ்வமைப்பின் அடிப்படையாக வைக்கப்படவில்லை. மடல் கடைக்காரரின் கணினியிலும் வழங்கியிலும் தங்கியது. கடை மூடினால் கணினி போகும். கணினி போனால் மடலும் போகும். பேழை தன்னுடையதாக இல்லாதவன் மடலுக்கு அதுதான் முடிவு.

மேலூர்க் கடைகள் மறைந்தன. அவற்றின் குறை மறையவில்லை. இன்று ஒருவர்க்கே பல கணினிகள் உள்ளன. மதுரையில் அச்சகம் நடத்தும் ஒருவரை எண்ணிப் பார்க்க. அச்சகத்தில் ஒரு கணினி. வீட்டில் ஒரு கணினி. சட்டைப் பையிற் கைப்பேசி. மூன்றிலும் ஒரே மடல்கள் தோன்ற வேண்டும். ஒன்றிற் படித்தது மற்றதிலும் படித்ததாகக் காட்ட வேண்டும். இதனைத்தான் ஒத்திசைவு என்பர்.

மடலை எடுத்துவரும் முறைகள் இரண்டு. ஒன்று பாப் முறை. 1984 இல் வரையறுக்கப்பட்டது. அது வழங்கியிலிருந்து மடலைத் தன் கணினிக்கு இறக்கிக் கொள்ளும். வேறு ஏற்பாடு செய்யாவிடில் வழங்கியிலிருந்து நீக்கியும் விடும். மடல் வீட்டுக்கு வந்துவிடுகின்றது. ஆனால் மற்றைக் கணினிகளுக்குக் கிட்டாது. மற்றது ஐமேப் முறை. 1986 அளவில் அமெரிக்காவின் சுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிசுப்பின் வகுத்தது. இதில் மூலம் வழங்கியிலேயே இருக்கும். எல்லாக் கணினிகளும் அதனைப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும். இன்று பெரும்பாலார் கையாளுவது இதுவே. ஏந்து மிக்கது, ஐயமில்லை. ஆனால் இதிலேதான் பெரும் பொறி மறைந்துள்ளது.

மூன்று கணினிகளில் மடல் தோன்றுவதால் மூன்று படிகள் உள்ளன என்று மக்கள் மயங்குகின்றனர். இல்லை! இருப்பது ஒரே படி. அதன் நிழல்களே மூன்று. கைப்பேசியிற் கைதவறி ஒரு கோப்புறையை அழித்தால் வீட்டுக் கணினியிலும் அது அழியும். அச்சகத்துக் கணினியிலும் அழியும். ஒத்திசைவு ஆக்கத்தை மட்டும் பரப்புவதன்று. அழிவையும் அதே விரைவிற் பரப்புவது. ஒரு கூரையிற் பற்றிய தீயை அடுத்த கூரைக்குக் கொண்டு செல்லும் காற்றைப் போன்றது அது. ஆகவே ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. இவ்வேறுபாட்டை உணராதவர் மடல்களைக் காத்துவிட்டதாகக் கருதிக்கொண்டே இழப்பர்.

தீ என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது யாழ்ப்பாணமன்றோ? 1981 மே 31 இரவு தொடங்கி வைக்கப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பிற இடங்களிற் படி இருந்த நூல்களைப் பின்னர் வாங்கி நிரப்ப முடிந்தது. அங்கு மட்டுமே இருந்த ஏடுகளோ ஒழிந்தவை ஒழிந்தவையே. சங்க நூல்கள் பிழைத்ததும் இதே உண்மையின் மறுபுறம். உ.வே. சாமிநாதர் 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபொழுது பல இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஊருக்கொரு படி, வீட்டுக்கொரு படி எனப் பெயர்த்தெழுதி வைத்த பெயர் தெரியாப் பெரியோர் இல்லையேல் ஒப்பிட ஏடேது? பிழைத்த தமிழ் பல படிகளாற் பிழைத்த தமிழ்.

பேழைக்காரன் எவ்வளவு பெரியவனாயினும் அவன் வீடு என்றும் திறந்தே இருக்கும் என்று நம்புவது பேதைமை. 'அகத்தியர்', 'மரத்தடி' முதலிய தமிழ் மடற்குழுக்கள் யாகூ நிறுவனத்தின் ஏந்தைக் கொண்டே நடந்தன. அங்கே இலக்கணச் சொற்போர் நிகழ்ந்தது, கல்வெட்டாய்வு நிகழ்ந்தது, பழஞ்சொற்களுக்குப் பொருள் தேடப்பட்டது. 2019 அக்தோபரில் அந்நிறுவனம் பழைய மடல்களை நீக்கப்போவதாகத் தெரிவித்தது. 2020 திசம்பர் 15 இல் அவ்வேந்தையே மூடியது. அக்குழுவினருள் எவர் தம் கணினியில் மடல்களை இறக்கி வைத்திருந்தாரோ அவரிடமே அவை எஞ்சின. கூகுள் நிறுவனமோ ஈராண்டுக் காலம் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை அழிக்கும் முறையை 2023 மே திங்களில் அறிவித்து அவ்வாண்டு திசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இறந்துபோன புலவர் ஒருவரின் மடற்பேழையை அவர் பிள்ளைகள் திறக்க அறியாராயின், ஈராண்டிற் பின் அஃது அழிவுக்குரியதாகும். செல்லரிக்க நூறாண்டு ஆகும் ஏட்டை விட இது விரைவான சாவு அன்றோ?

தமிழ் மடலுக்கு இன்னுமோர் இடருண்டு. அது எழுத்தின் இடர். 1990-களில் எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கெனக் குறியேற்ற முறை ஒன்றை வகுத்துக்கொண்டது. திசுக்கி முறை ஒருபுறம். 1999 இல் தமிழக அரசு ஏற்ற தாம், தாப் முறைகள் ஒருபுறம். 1991 முதலே தமிழுக்கு இடமளித்த ஒருங்குறி மற்றொருபுறம். 2010 இல்தான் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்து முறையாகிய தேசு 16 ஐயும் தரமாக அறிவித்தது. ஒருங்குறியல்லாத பழைய குறியேற்றத்தில் எழுதிய மடல் ஒன்றை அதற்குரிய எழுத்துரு இல்லாத இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தோன்றாது. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரு குப்பையே தோன்றும். மடல் அழியவில்லை; ஆயினும் ஊமையாகிவிட்டது. அதனைப் பேச வைக்கும் மாற்றிகள் உள்ளன. ஆனால், மூலக் கோப்பு கையில் இருந்தால்தானே மாற்ற முடியும்?

செய்ய முடியுமா என ஐயுறுவோர்க்கு மதுரைத் திட்டம் விடையாகும். மதுரையின் பெயரைத் தாங்கி, சுவிட்சர்லாந்தின் உலோசான் நகரிலிருந்து முனைவர் கு. கல்யாணசுந்தரனார் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய முயற்சி அது. பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது இலக்கியங்களைத் தட்டெழுதினர், பிழை திருத்தினர், மின்னஞ்சலில் விடுத்தனர். முதலில் திசுக்கியில் வெளிவந்தவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எவரும் விலையின்றி இறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் வலிமை. இலக்கியத்துக்குச் செய்ததை மடலுக்கும் செய்ய இயலாதா?

வழி எளிது. வையையில் வெள்ளம் வரும் நாள் சில. கண்மாயில் நீர் நிற்கும் நாள் பல. ஆற்றை நம்பி எந்த ஊரும் கண்மாய் வெட்டாமல் இருந்ததில்லை. இணையம் ஆறு, வீட்டுக் கணினி கண்மாய். பல கணினிகள் உடையவர் அவற்றுள் ஒன்றைத் தாய்க்கணினியாகக் கொள்க. தண்டர்பேர்டு போன்ற விலையில்லா மென்பொருளால் தலைப்பை மட்டுமன்றி மடலின் முழு உடலையும் இணைப்புகளையும் அதில் இறக்குக. மற்றைக் கணினிகளும் கைப்பேசியும் ஐமேப் முறையில் ஒத்திசையட்டும். ஆனால் தாய்க்கணினியின் மடற்கோப்புறையை அப்படியே பகிர்வுக் கோப்புறையில் இட்டு இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறத்தல் ஆகாது. ஓர் உறையின் மடல்களையெல்லாம் ஒரே கோப்பில் எழுதும் மென்பொருள்களில், இரு கணினிகள் ஒருங்கே எழுதினால் அக்கோப்பே சிதையும். மடலுக்கொரு கோப்பாக வைக்கும் மெயில்டிர் முறையை 1990-களில் தேனியல் பெர்ன்சுடைன் வகுத்ததற்கு இத்தகைய சிதைவும் ஒரு காரணம்.

திங்களுக்கொருமுறை மென்பொருளை மூடிவிட்டு, முழுக் கோப்புறையையும் தனி வன்தட்டிற் படியெடுத்து, உடனே இணைப்பைக் கழற்றி வைக்க. ஒத்திசைவுக்கு எட்டாத அப்படியே உண்மைக் காப்புப்படி. இன்னொரு படி வேறோர் ஊரில், நம்பத்தக்க உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டு இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை திறந்து படித்துப் பார்க்க. திறந்து பாராத படி படியன்று. பழைய குறியேற்ற மடல்களை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் அழியாது வைக்க. திறவுகோல் எங்குள்ளது என்பதை வீட்டாருள் ஒருவரேனும் அறிந்திருக்கட்டும்.

'பெருநிறுவனத்தின் வழங்கியை விட வீட்டுக் கணினி உறுதியானதா?' எனச் சிலர் வினவக்கூடும். உறுதியானதன்று. மின்வெட்டு உண்டு, வன்தட்டும் ஒரு நாள் சாகும். அதனால்தான் ஒரு படி போதாது என்பது. நிறுவனத்தின் வழங்கியை உதற வேண்டியதில்லை. அதனை வழியாகக் கொள்க, களஞ்சியமாகக் கொள்ளற்க. அஞ்சற்காரர் மடலைக் கொண்டுவந்து தரவேண்டும். அவர் வீட்டிலேயே அதனைக் குத்தி வைத்து, வேண்டும்பொழுது வந்து பார்த்துக்கொள்ளுமாறு கூறினால் எவர் பொறுப்பர்?

தமிழ்க் கழகங்களும் இதழ்களும் நூலகங்களும் இக்கடமையில் முந்துக! உறுப்பினர் மடல், புலவர் மடல், போராட்டக் காலத்து மடல் ஆகிய எல்லாம் நாளைய வரலாற்றின் மூலச் சான்றுகள். ஏட்டைக் கரையான் தின்றதென்று பழங்காலத்தைப் பழிப்பவர், இந்நாளின் மடலைத் தின்னும் மறதியை என்னென்று கூறுவர்? வீட்டுச் சுவரில் தொங்கிய கம்பி மீண்டும் வர வேண்டும். அது வன்தட்டு வடிவில் வரட்டும். ஆனால் தமிழர் வீட்டிலேயே தொங்கட்டும்!