வாங்குமுன் ஒரு வார்த்தை: கைப்பைக்கு ஒரு மடக்குக் கத்தி

பிரயாணத்துக்கு பிளாஸ்க் வாங்குவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு மூன்று சகோதரிகள் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். "கைப்பையில் போட்டுக்கொள்ள லேசாக ஒரு மடக்குக் கத்தி சொல்லுங்களேன். குழந்தைக்குப் பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, எல்லாத்துக்கும் பல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கு" என்கிறார் ஒருவர். ஆண்களுக்குச் சட்டைப் பை உண்டு. நமக்கு ஏது பை? எல்லாம் அந்தக் கைப்பைக்குள்தான் போகவேண்டும். அதனால்தான் 'லேசாக' என்ற வார்த்தை முதலில் வருகிறது. நானும் அப்படித்தான் லேசாக ஒன்று வாங்கினேன்.

2019 மே மாதம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குத் தங்கை வீட்டுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். திருவிழாக் கடையில் வாங்கிய சாவிக்கொத்துக் கத்தி ஒன்று என்னிடம் இருந்தது. தீப்பெட்டி எடைகூட இராது. கொய்யாப்பழத்தை அழகாக நறுக்கியது. பேஷ், நல்ல சாமான் என்று நினைத்துக்கொண்டு, ஊறுகாய் பாட்டில் மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை அதன் முனையால் குத்திக் கிளப்பினேன். முனை மாட்டிக்கொண்டது. பிடியை அழுத்தினேன். அவ்வளவுதான், நிமிர்ந்திருந்த அலகு 'டக்'கென்று திரும்பி மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த என் வலது சுட்டு விரலில் இறங்கிவிட்டது.

அது ஏன் மடங்கியது என்று பிறகுதான் யோசித்தேன். இந்த மாதிரிக் கத்திகளில் அலகை நிறுத்தி வைப்பது பிடிக்குள் இருக்கிற ஒரு ஸ்பிரிங் மட்டும். பூட்டு கிடையாது. பழம் நறுக்கும்போது அலகின் வாய்ப்பக்கம் அழுத்தம் விழுவதால் அது இன்னும் நன்றாகத் திறந்துகொண்டுதான் இருக்கும். முனையால் குத்தும்போதும் நெம்பும்போதும் அழுத்தம் முதுகுப் பக்கம் வந்துவிடுகிறது. ஸ்பிரிங் தோற்றுப்போகிறது. விரல் இருப்பதோ அலகு மடங்கி வந்து விழுகிற இடத்தில்!

நாமெல்லாம் அரிவாள்மனையில் பழகிய கை. அங்கே இரும்பு அசையாமல் நிற்கும், காய்தான் போய் வரும். கத்தியிலே காய் நிற்கிறது, இரும்பு போய் வருகிறது. முப்பது வருஷம் சமைத்திருந்தாலும் மடக்குக் கத்திக்கு நாம் புதுசுதான்.

ரத்தத்தைப் பார்த்து என் அத்தை, "காப்பித்தூளை அப்பி விடு, நின்னிரும்" என்றார்கள். அப்பினோம், நின்றது. விரல் மரத்த மாதிரி இருந்தது. வலியில் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாசம் கழித்து டாக்டரிடம் காட்டியபோது, விரலின் பக்கவாட்டில் போகிற உணர்வு நரம்பு அறுந்திருக்கிறது என்றார். "மரத்துப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா நரம்பைத் தைச்சுப் பார்த்திருக்கலாமே, அம்மா. இப்போ செஞ்சாலும் முழுசா வரும்னு சொல்ல முடியாது." இன்றைக்கும் அந்த நுனியில் உணர்ச்சி இல்லை. கோலம் போட்டால் மாவு விழுவது தெரியாமல் இழை தடித்துப் போகிறது. தோசைக்கல் சுட்டாலும் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஆகவே வெட்டுப்பட்டால் காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நடுநடுவே திறந்து பார்க்கக் கூடாது. விரல் மரத்திருந்தாலோ, மடக்க நீட்ட வராவிட்டாலோ, காயம் வாய் பிளந்திருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கத்திக்கு வருகிறேன். போன வருஷம் நானும் என் நாத்தனாரும் இரண்டு கத்திகளை ஒரு மாதம் மாற்றி மாற்றிக் கைப்பையில் வைத்துப் பார்த்தோம். "பழக் கத்திக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று இவர் கேட்டார். விரல் என்னுடையதாயிற்றே!

ஒன்று, ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்செனர் என்பவர் தொடங்கிய கம்பெனி. 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார்கள். நாங்கள் பார்த்தது அவர்களுடைய மிகச் சின்ன ரகம். மடக்கினால் 58 மில்லிமீட்டர், எடை இருபது கிராம் சொச்சம். இதன் அலகுக்கும் பூட்டு இல்லை. ஆனால் உள்ளே ஒரு குட்டிக் கத்தரிக்கோல் இருக்கிறது பாருங்கள், அதுதான் விசேஷம். நூல், பால் பாக்கெட் மூலை, குழந்தையின் சட்டையில் உறுத்துகிற லேபிள் எல்லாவற்றுக்கும் கத்தரிக்கோலே போதுமாக இருந்தது. அலகால் ஒரு ஆப்பிளைக் குறுக்கே வெட்ட முடியவில்லை, அவ்வளவு குட்டை.

இன்னொன்று பிரான்ஸின் ஒப்பினெல். சவோய் என்ற மலைப்பிரதேசத்தில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-ல் உருவாக்கியது. மரப்பிடி, ஒரே அலகு, வேறு ஜோடனை இல்லை. 8-ம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். மொத்த எடை ஐம்பது கிராமுக்குள், ஒரு கோழிமுட்டை கனம். 1955-ல் பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையத்தைச் சேர்த்தார்கள். அலகை நிமிர்த்தி வளையத்தைத் திருகிவிட்டால் அது மடங்காது. இப்போது வருகிறவற்றை மடக்கிய நிலையிலும் திருகிப் பூட்டலாம், கைப்பைக்குள் தானாகத் திறந்துகொள்ளாது. மாம்பழம், வெள்ளரி எல்லாம் வழுக்காமல் நறுக்கினேன். மரம் என்பதால் ஈரத்தில் ஊறும். ஊறினால் அலகு இறுகிக்கொள்ளும். தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது. ஒன்று சொல்ல வேண்டும்: வளையத்தைத் திருக மறந்தால் இதுவும் பூட்டில்லாத கத்திதான்.

எனக்கு இதுதான் பிடித்தது. இருபது கிராமுக்கும் ஐம்பது கிராமுக்கும் உள்ள வித்தியாசம், அரை கிலோ தண்ணீர் பாட்டில் கிடக்கிற பையில் யாருக்குத் தெரியப்போகிறது? நல்ல பிடியும் பூட்டும் அந்த முப்பது கிராமில்தான் இருக்கின்றன. வேறு கம்பெனிகளிலும் பூட்டுள்ளவை உண்டு. சிலவற்றில் பிடியின் முதுகில் அமுக்க வேண்டும். சிலவற்றில் உள்ளே இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். இந்தத் தகட்டுப் பூட்டில், மூடும்போது கட்டைவிரல் அலகின் வழியிலேயே நிற்கும். அலகைக் கொஞ்சம் சாய்த்ததுமே விரலை எடுத்துவிட வேண்டும்.

கடையில் எதை வாங்கினாலும் திறந்து பூட்டி, விரல்கள் எதுவும் பள்ளத்தின் பக்கம் இல்லாமல் பிடியை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேஜை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் வேண்டாம். கடைக்காரர், "அக்கா, உடைச்சிராதீங்க" என்பார். பரவாயில்லை. நகம் கொடுத்துத் திறக்க முடிகிறதா, பக்கவாட்டில் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.

துருப்பிடிக்காத எஃகுதான் நமக்கு ஏற்றது. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், ஆனால் எலுமிச்சை, மாங்காய் பட்டால் கறுத்துவிடும். கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், மார்கழிக் குளிரில் உறைந்து பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு விட்டுத் துடைத்து, பழம் நறுக்குமுன் கத்தியைக் கழுவிவிடுங்கள்.

கைக்குழந்தைக்காரர்கள் பையின் ஜிப் போட்ட அறையில் வையுங்கள். பிஸ்கட் இருக்கிற அறையில் வேண்டவே வேண்டாம், குழந்தையின் கை முதலில் அங்கேதான் போகும். விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, அனுப்புகிற பெட்டியில் வைத்துவிடுங்கள். சோதனை போடுகிற வேறு இடங்களுக்குப் போகும் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். "தற்காப்புக்கு ஆகுமா?" என்றும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஆகாது. திறக்க இரண்டு கை வேண்டும், அதற்குள் எதிராளி பிடுங்கிவிடுவான்.

அந்த மரப்பிடிக் கத்தியை எழுதுமுன் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று தேடினேன். "ரெண்டு நாள் எங்கிட்ட இருக்கட்டும், மதினி" என்று என் நாத்தனார் எடுத்துப் போனது ஞாபகம் வந்தது. மூன்று மாதமாகிறது.