யாருக்கு இடம்?

ஜூன் மாதம் பிறந்தால் சேலத்திலும் நாமக்கல்லிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "பையனை எங்கே சேர்த்தீர்கள்? பெண்ணுக்கு இடம் கிடைத்ததா?" என்ற விசாரணைக்கு அப்புறந்தான் மாம்பழ விலையும் மருமகள் சமாசாரமும். இடம் கிடைத்த வீட்டில் பாயசம்; கிடைக்காத வீட்டில் அடுப்பு மூட்டவே மனம் வருவதில்லை.

இந்தப் பேச்சில் சில வருஷங்களாக ஒரு புதுப் பெயரும் அடிபடுகிறது: அரசு மாதிரிப் பள்ளி. 2021-22-ல் சில மாவட்டங்களில் ஆரம்பித்து, பிறகு தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, பெரிய கல்லூரிகளின் நுழைவுத் தேர்வுகளுக்குத் தயார் செய்கிறார்கள். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பெண் ஐ.ஐ.டி.க்குப் போகிறாள் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது?

ஆனாலும் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கிறது, சரி. மற்றப் பிள்ளைகளுக்கு? வகுப்பில் முதலாவதாக வரும் நாலு பேரை அழைத்துக்கொண்டு போய்விட்டால், மிச்சமுள்ளவர்கள் யாரைப் பார்த்துப் படிப்பார்கள்? "அதற்காகக் கெட்டிக்காரக் குழந்தையை ஊர்ப் பள்ளியிலேயே கட்டிப் போட வேண்டுமா?" என்று மறு தரப்பார் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

"ஒழுங்காகப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அநியாயம் எங்கே வந்தது?" என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல நம் சேலம், நாமக்கல் சீமையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. எத்தனை சல்லடைகளைப் பார்த்தாயிற்று!

1984 முதல் தமிழ்நாட்டில் மருத்துவம், என்ஜினீயரிங் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு இருந்தது. பயிற்சிக்குப் பணமில்லாத கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று 2006-ல் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள். 2007 முதல் பிளஸ் டூ மார்க்கே போதும் என்றாயிற்று. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன நாமக்கல், மார்க்குக்கும் பேர்போன ஊராயிற்று! எங்கெங்கிருந்தோ பெற்றோர்கள் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை இங்கே விடுதிப் பள்ளிகளில் கொண்டுவந்து விட்டார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நெட்டுருப் போட வைத்த பள்ளிகளும் உண்டு. 'கறிக்கோழிப் பள்ளி' என்று ஜனங்கள் கேலி பேசினார்கள்.

2017-ல் அரசு முதலிடப் பட்டியலை நிறுத்தியது. 2018-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. (அந்தத் தேர்வு இனி வேண்டாம் என்று 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை சொல்லிவிட்டது.) அதற்குள் நீட் வந்து சேர்ந்தது. கட்டடம் அதே கட்டடம், மேலே பலகை மட்டும் 'நீட் பயிற்சி' என்று மாறிற்று. எந்தச் சல்லடையை வைத்தாலும், காசுள்ள வீடு அதற்குத் தக்கபடி சீக்கிரமே தயாராகிவிடுகிறது. இதுதான் நாம் கண்ட அனுபவம்.

கொல்லிமலையில் ஒரு பெண், சேலம் நகரத்தில் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளை எழுதுகிறார்கள். ஒருத்தி 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வீட்டில் தண்ணீர் சுமந்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு படித்தவள். மற்றவளுக்கு மாலையில் டியூஷன், இரவில் பால். நகரத்துப் பெண்ணுக்கு ஐந்து மார்க்கு அதிகம் வந்தால், அவள்தான் கெட்டிக்காரி என்று அடித்துச் சொல்ல முடியுமா?

இதை உணர்ந்துதான் 2020-ல் நம் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேறியவர்களுக்கு, மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கினார்கள். 2019-ல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர்கூட இல்லை. சட்டம் வந்த முதல் வருஷத்திலேயே முந்நூறு பேருக்கு மேல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள்! அந்தப் பிள்ளைகள் திடீரென்று ஒரே வருஷத்தில் புத்திசாலிகளாகிவிடவில்லை. அவர்களுக்கென்று ஒரு வாசல் திறந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எங்கே கோடு போட்டாலும் அதற்கு வெளியே ஒரு குழந்தை நிற்கத்தான் செய்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடன் வாங்கித் தனியார் விடுதியில் சேர்ந்த பெண்ணுக்கும் கிடையாது. பத்தாவது முடித்த பெண்ணை வைத்திருக்கும் தாய்மார்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளையின் நன்மைக்கு என்று செய்வதே அதன் உரிமையைப் பறித்துவிடலாம்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல. பிற மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாக நடக்கும் நவோதயா பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்தாலும், குறைந்தது 75 சதவீத இடங்களைக் கிராமப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகின்றன. நியூயார்க் நகரத்திலோ, சில சிறந்த அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே பரீட்சைதான் அளவு என்று 1971-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். அங்கே கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் மிகச் சிலரே சேர முடிகிறது என்ற சச்சரவு இன்றும் ஓயவில்லை.

ஆகவே சகோதரிகளே, மாதிரிப் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் சேரும் குழந்தையை வாழ்த்தி அனுப்புவோம். ஆனால் அங்கே உள்ள ஆய்வுக்கூடமும், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியரும் உங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கும் வேண்டும் என்று கேட்க மறக்காதீர்கள். கேட்க இடம் இருக்கிறது. 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலிகள் பல ஊர்களில் கையெழுத்துக்கு மட்டுமே பயன்படுகின்றன.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், "அவரைப் போகச் சொல்கிறேன்" என்று சொல்லாமல் நீங்களே போங்கள். கணக்கு வாத்தியார் இடம் எத்தனை மாதமாகக் காலியாக இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.