25 வருஷ வாரண்டியும் வைரம் பாய்ந்த மரமும்

காம்போசிட் டெக் போட்டால் 25 வருஷத்துக்குக் கவலையில்லை, மரத்தில் போட்டால் 10 வருஷத்தில் உளுத்துக் கொட்டிவிடும். ஏலகிரியில் ரிசார்ட் கட்டுகிறவர், ஹைவே ஓரம் காபி கடை திறக்கிறவர், பெங்களூரில் ஃபிளாட் வாங்கி பால்கனியை அலங்கரிக்கிற ஐடி அண்ணன்... எல்லாரிடமும் இதே வசனத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள் விற்பனைப் பிரதிநிதிகள். கேட்கிறவரும் மொபைலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு, ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

(டெக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: திறந்த வெளியில் சட்டம் அடித்து, அதன்மேல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பலகை பாவிய தளம். காம்போசிட் என்பது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூடாக்கிக் கலந்து பலகை வடிவில் இழுத்தது. பாத்ரூமுக்கு மாட்டுகிற டபிள்யூ.பி.சி. கதவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த வசனத்தில் உள்ள இரண்டு எண்களும் முழுப்பொய் இல்லை. அதுதான் வில்லங்கமே. 10 என்பது அமெரிக்க பைன் மரத்தின் எண். 25 என்பது வாரண்டி அட்டையின் எண். மட்டமான மரத்தையும் உயர்ந்த காம்போசிட்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்தால் எது ஜெயிக்கும்?

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் பக்கம் பஸ் ஏறுகிற யாருக்கும் இந்த வித்தை புதிதாக இருக்கக் கூடாது. தோலைச் சீவும்போது விழும் தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தி, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்தால் அதற்குப் பெயர் பாண்டட் லெதர். கட்டிங் டேபிளில் நிற்கிற பையனே அதையும் அசல் தோலையும் விரலால் தடவிப் பிரித்துவிடுவான். காம்போசிட் என்பது அதே வேலையை மரத்துக்குச் செய்தது. உவமை முழுசாகப் பொருந்தாது, ஒத்துக்கொள்ளலாம். பாண்டட் லெதர் சோபா மாதிரி காம்போசிட் பலகை சில வருஷத்திலேயே உரிந்து நிற்காது. ஆனால் தூளைச் சேர்த்து ஒட்டியதை முழுப்பொருளைவிட உசத்தி என்று இந்த ஊரில் ஒருவர் நம்புவது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

அதே டேனரிகளுக்குள் போனால் இன்னொன்றையும் பார்க்கலாம். சுண்ணாம்பு, உப்பு, அமிலம், குரோம் எல்லாம் போட்டு நாள் முழுக்கச் சுழலும் டிரம்கள். அவற்றில் பெரும்பாலானவை மரம். இப்போது பிளாஸ்டிக் டிரம்களும் வருகின்றன, கழுவுவதற்கு அவை வசதி. ஆனாலும் இவ்வளவு கொடுமையைத் தாங்கிக்கொண்டு மர டிரம் வருஷக்கணக்கில் ஓடுகிறது. காரணம் எளிது. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். எப்போதும் ஊறிக் கிடக்கும் மரத்துக்குள் காற்று கிடையாது. எப்போதும் காய்ந்திருக்கும் மரத்தில் ஈரம் கிடையாது. இரண்டும் மாறிமாறி வரும் இடத்தில்தான் ஆபத்து. டெக்கில் அது ஆணித் துளை, பலகையின் வெட்டு முனை, சட்டத்தின் மேல்பக்கம். அங்கே தண்ணீர் தேங்காமல் வேலை செய்யத் தெரிந்த ஆசாரி கிடைத்தால் மரத்தின் ஆயுளே வேறு.

எந்த மரம் என்ற கேள்விக்கு இந்தியாவில் பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரக்கட்டைகளை மண்ணில் நட்டு, கரையானுக்கும் பூஞ்சைக்கும் விருந்து வைத்து, எத்தனை மாதம் தாங்குகிறது என்று எண்ணுவார்கள். சுடுகாட்டுச் சோதனை என்றே அதற்குப் பெயர்! 120 மாதமோ அதற்கு மேலோ தாங்கினால் முதல் வகுப்பு, 60 மாதத்துக்குக் கீழே போனால் கடைசி வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. கவனிக்க வேண்டியது, இது மண்ணுக்குள் புதைந்த கட்டைக்கான கணக்கு. தரைக்கு மேலே காற்றோட்டமாக இருக்கும் பலகைக்கு இன்னும் அதிகம்.

இதிலும் ஒரு சூது உண்டு. முதல் வகுப்பு என்பது வைரத்துக்கு மட்டும்தான், வெளிப்புறத்து வெள்ளைக்கு இல்லை. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளையே பாதி இருக்கும். அதை 'ஒரிஜினல் தேக்கு' என்று தலையில் கட்டுகிற மரக்கடைக்காரரும் காம்போசிட் வியாபாரிக்கு மறைமுகமாக உதவி செய்கிறவர்தான்.

இப்போது அந்த 25-க்கு வருவது நியாயம். 1990-களில்தான் அமெரிக்காவில் காம்போசிட் பலகைகள் கடைக்கு வந்தன. பிளாஸ்டிக் கலந்தால் பூஞ்சையே வராது என்று நம்பினார்கள். உள்ளே இருப்பது மரத்தூள்தானே, அது தண்ணீர் குடித்தது. கறுப்புப் புள்ளி, மேல்பரப்பு உரிதல் என்று டிரெக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் மீதே வழக்குகள் வந்து சமரசத்தில் முடிந்தன. லூசியானா பசிபிக் நிறுவனத்தின் பலகைகள் 2009-ல் திரும்பப் பெறப்பட்டன. சீக்கிரமே நைந்து, காலடியில் உடைகின்றன என்பது காரணம். அதற்குப் பிறகுதான் பலகையைச் சுற்றி பிளாஸ்டிக் உறை போட்ட புதிய வகை பரவியது. இன்று விற்பது அதைத்தான். அது உண்மையிலேயே நல்ல முன்னேற்றம். ஆனால் அது பரவலாகக் கடைக்கு வந்தே இன்னும் 25 வருஷம் ஆகவில்லை! ஆக 25 என்பது யாரும் பார்த்துச் சொன்ன ஆயுள் இல்லை, கணிப்பு.

வாரண்டி எதற்கு என்பதையும் படிக்க வேண்டும். பலகைக்கு. அடியில் இருக்கும் சட்டம்? அது பெரும்பாலும் மரம் அல்லது இரும்பு, வேறு கணக்கு. கழற்றி மாட்டும் கூலி? பல வாரண்டிகளில் அது சேராது. வருஷம் ஏற ஏற கிடைக்கும் தொகையும் குறையும். வெய்யிலூர் என்றே பெயர் வைத்திருக்கலாம் என்று கேலி செய்யப்படும் வேலூர் மாவட்டத்தில் இன்னொரு தொல்லை: சூட்டில் இந்தப் பலகை நீளவாக்கில் விரியும். மரம் நீளவாக்கில் அசைவது மிகச் சொற்பம். மத்தியானம் செருப்பில்லாமல் காம்போசிட் மேல் நின்று பார்த்தவர்களிடம் மீதியைக் கேட்டுக்கொள்ளலாம் :-)

மெரினாவை மறந்திருக்க மாட்டீர்கள். மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியிலேயே கடலுக்குப் பக்கத்தில் போவதற்காக 2022 நவம்பர் 27 அன்று மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது கடல் பக்கத்து முனை உடைந்தது. மரத்தில் போட்டால் இப்படித்தான் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த மரம் உளுக்கவில்லை, அலை வந்து அடித்தது. அந்த இடத்தில் எந்தக் காம்போசிட் பலகை நின்றிருக்கும்? பிறகு உடைந்த பகுதியைச் சரிசெய்து பாதை மறுபடி பயன்பாட்டுக்கு வந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு முக்கியம் பலகை எத்தனை வருஷம் தாங்கும் என்பதைவிட, போனால் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதுதான். மரப்பலகை போனால் அளவெடுத்து அறுத்துப் போட்டுவிடலாம். காம்போசிட் போனால் அதே கனம், அதே பள்ளம், அதே நிறத்தை அந்தக் கம்பெனி அன்றைக்கும் தயாரித்துக்கொண்டிருக்க வேண்டும். மியான்மரில் 1850 வாக்கில் தேக்கில் கட்டிய ஊ பெயின் பாலம் 1.2 கிலோமீட்டர் நீளம். அதில் இன்றும் ஜனங்கள் நடக்கிறார்கள். பலகைகளையும் கால்களையும் மாற்றி மாற்றித்தான்.

பி.காம். முதல் வருஷத்துத் தேய்மானப் பாடம் ஞாபகம் இருக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடலாம். ஒரு பேச்சுக்கு, மரம் 100 ரூபாய், ஆயுள் 10 வருஷம்: வருஷத்துக்கு 10. காம்போசிட் 200 ரூபாய், 25 வருஷம்: வருஷத்துக்கு 8. காம்போசிட் ஜெயித்தது. அதே பலகை 15 வருஷத்தில் போனால்? 13 ரூபாய்க்கு மேல். மரம் 20 வருஷம் நின்றால்? எண்ணெய் பூசும் செலவு வருஷத்துக்கு 4 ரூபாய் சேர்த்தாலும் 9. விற்பனைப் பிரதிநிதி ஆயுளை நிரப்பிக் கொடுத்தால் விடையும் அவருடையதுதான். விலையைவிட அந்த ஒரு கட்டத்தில்தான் பேரம் நடக்க வேண்டும்.

எண்ணெய் பூச ஆளில்லாத பூட்டிய வீடு, நீச்சல் குளத்தைச் சுற்றி எப்போதும் ஈரமான தளம், இங்கெல்லாம் நல்ல உறைபோட்ட காம்போசிட் சரியான தேர்வு. தூக்கி எறியும் பாலித்தீன் கவர்கள் சில வகைகளில் மறுபயனாவதும் நல்லதே.

அந்தத் தேய்மானக் கணக்கில் கடைசியாக ஒரு வரி வரும், எஞ்சிய மதிப்பு. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களுக்குக் காரைக்குடியில் இன்றும் விலை இருக்கிறது. பழைய காம்போசிட் பலகையை வண்டியில் ஏற்றி பள்ளிகொண்டா பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனால் தராசில்கூட வைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் என்று உருக்க முடியாது, மரத்தூள் கலந்திருக்கிறது. விறகு என்று எரிக்கக் கூடாது, பிளாஸ்டிக் கலந்திருக்கிறது.